காலிக் கடைவீடுகளும் கலைஞர்களுக்கான இடமும்: மலாக்கா மாநிலத்தை முன்வைத்து

பூட்டிக் கிடக்கும் கடைகளை அவ்வவ் வட்டாரக் கலைஞர்கள் கூடிப் பயிலவும் படைக்கவும் மக்கள் பார்வைக்கு வைக்கவும் உரிய பொது இடங்களாக மாற்றும் முயற்சி, இன்று பல நாடுகளில் ஊராட்சிப் பணியின் ஒரு பகுதியாகவே வளர்ந்துவிட்டது. மலேசியாவில் கோலாலம்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் கைவிடப்பட்ட சந்தையும் திரையரங்கும் பேருந்துப் பணிமனையும் கலைக்கூடங்களாக மறுவாழ்வு பெற்றுள்ளன. மலாக்கா மாநிலத்திலும் இதற்குத் தேவையும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. எனினும் மலாக்கா என்றதும் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய பழைய நகரும் அதன் ஜோங்கர் தெருவுமே பேசப்படுகின்றனவேயன்றி, தோட்டப்புறத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கடைத்தெருவாகக் கொண்டிருந்த ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங், தெபோங் போன்ற சிற்றூர்கள் இப்பேச்சில் இடம்பெறுவது அரிதாகவே உள்ளது. இக்கட்டுரை இரு வகை ஊர்களையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. காலிக் கடையைக் கலைக்கு ஒப்படைப்பதில் உள்ள மெய்யான சிக்கல் கலையைப் பற்றியதும் அன்று, கட்டடத்தைப் பற்றியதும் அன்று; சாவி யார் கையில், எத்தனை காலத்துக்கு, எந்த ஆவணத்தின் பேரில் இருக்கும் என்பதைப் பற்றியதே அது என்பதும், மலாக்காத் தமிழர்களைப் பொறுத்தவரை அதற்கான தொடக்கம் பழைய நகரில் அன்றிச் சிற்றூர்களிலேயே அமைய வேண்டும் என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்துகள்.

கடைவீடு என்பது கீழ்த்தளத்தில் வணிகமும் மேல்தளத்தில் குடியிருப்புமாக, இருபுறமும் பொதுச் சுவரால் அடுத்த கட்டடத்தோடு ஒட்டி நிற்கும் ஒடுங்கிய, நெடிய கட்டடம். முகப்பு குறுகலாக இருக்க, உள்ளே அதைப்போலப் பல மடங்கு ஆழத்துக்கு நீளும் அதன் உடலுக்கு வெளிச்சமும் காற்றும் தருவது நடுவில் அமைந்த வானம் பார்த்த முற்றம். மேல்தளத்துக்கு அடியில் முன்புறமாக ஓடும் நிழல்வழியை மலேசியத் தமிழர் ‘ஐந்தடி’ என்று வழங்குவர். கலைக்கூடத்துக்கு இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது: முன்பகுதி காட்சிக்கும் விற்பனைக்கும், முற்றத்தை ஒட்டிய பகுதி வெளிச்சம் தேவைப்படும் வேலைக்கும், பின்கட்டு பொருள் வைப்புக்கும், மேல்தளம் வகுப்புக்கும் உதவும். மலாக்காவின் பழைய தெருக்களில் பொற்கொல்லரும் கொல்லரும் செருப்புத் தைப்போரும் கூடை முடைவோரும் முன்னே விற்றும் பின்னே வேலை செய்தும் மேலே வாழ்ந்தும் வந்த காலத்தில் கடைவீடு ஏற்கெனவே பட்டறையாகத்தான் இருந்தது. ஆகவே கலைஞரைக் கடைக்குள் கொண்டுவருவது இக்கட்டட வகைக்குப் புதிதாக எதையும் திணிப்பதாகாது.

காலியான இரு விதம்

மலாக்காவில் கடைகள் காலியானதற்கு இரு வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே மருந்தைப் பரிந்துரைப்பது பயன் தராது.

பழைய நகரின் காரணம் வாடகைச் சட்டம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மிகக் குறைந்த அளவில் நிறுத்தி வைத்திருந்தது. இதனால் உரிமையாளர் பழுதுபார்ப்பதில் ஆர்வம் இழந்தார். ஆனால் சிறு கைவினைஞரும் முதிய வணிகரும் நகரின் நடுவிலேயே பிழைக்க முடிந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1999 டிசம்பர் 31உடன் இடைக்கால ஏற்பாடும் முடிவுற்றபோது, வாடகை ஒரேயடியாக உயர்ந்து, பல தலைமுறைகளாக இருந்த குடியிருப்போர் வெளியேறினர். வெறிச்சோடிய கடைவீடுகளுள் சில உணவகங்களாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின; சிலவற்றின் மேல்தளச் சன்னல்கள் அடைக்கப்பட்டு, பறவையின் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கும் இருட்டறைகளாயின; சில வெறுமனே பூட்டப்பட்டன. 2000இல் ஜோங்கர் தெருவின் வார இறுதி இரவுச் சந்தை தொடங்கியதும், 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் சுற்றுலாவை மேலும் பெருக்கின. இன்று அப்பகுதியில் ஒரு கடை காலியாக இருந்தால், அதற்கு ஆளில்லாமை காரணமாக இருப்பது அரிது. உயர்ந்த வாடகைக்காகக் காத்திருப்பதும், பல வாரிசுகளுக்கிடையே சொத்து பிரிபடாமல் கிடப்பதும், பழுதுபார்ப்புச் செலவுக்கு அஞ்சுவதுமே பெரும்பாலான காரணங்கள்.

தோட்டப்புறச் சிற்றூர்களின் கதை முற்றிலும் வேறு. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவரால் பயிரிடப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அசகான் உள்ளிட்ட பகுதிகளுக்கு ரப்பர் பரவ, பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் ‘லயன்’ எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். அவர்களைச் சுற்றியே இச்சிற்றூர்களின் கடைவரிசைகள் வளர்ந்தன. மளிகைக்கடை, துணிக்கடை, நகைக்கடை, தையற்கடை, முடிதிருத்தகம், பூக்கடை, நாளிதழ் முகவர் கடை, புகைப்பட நிலையம் எனத் தமிழர் கடைகள் சீனர் கடைகளோடு கலந்து நின்றன. சம்பள நாளை மையமாகக் கொண்டே அங்கு வணிகம் சுழன்றது. மாதம் முழுவதும் வாங்கிய பொருளெல்லாம் சட்டைப்பையில் அடங்கும் ‘555’ என்னும் சிறு குறிப்பேட்டில் கடனாக ஏறி, சம்பளம் வந்த மாலையில் அடிக்கப்பட்டது. கடைக்காரருக்கும் தோட்டத்தாருக்கும் இடையிலான அந்த நம்பிக்கை, கடையை வெறும் விற்பனை இடமாக இல்லாமல் செய்தி கேட்கும் இடமாகவும் கடிதம் படிக்கச் சொல்லும் இடமாகவும் வைத்திருந்தது.

அந்த உறவின் அடித்தளம் படிப்படியாகச் சரிந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்றுச் சென்ற ‘தோட்டத் துண்டாடல்’ ஒரு பெயர்வை உண்டாக்கியது. பின்னர் ரப்பருக்கு மாற்றாகக் குறைந்த ஆளே தேவைப்படும் செம்பனை வந்தது. தோட்ட நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியது. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் மலாக்கா நகர்ப்புறத்துக்கும் சிரம்பான், கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜொகூர் ஆகிய பகுதிகளுக்கும் பெயர்ந்தன. வாடிக்கையாளர் போனபின் கடையும் போயிற்று; நெடுஞ்சாலை ஓரத்துப் பேரங்காடி எஞ்சியதையும் இழுத்துக்கொண்டது. 2020 மார்ச்சு 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் தடுமாறி நின்ற சில கடைகளின் இரும்புக் கதவையும் இறக்கிவிட்டது. இவ்வூர்களில் உரிமையாளர் உயர்ந்த வாடகைக்காகக் காத்திருப்பதில்லை, கேட்பாரில்லாமல் வைத்திருக்கிறார். கலை நோக்கில் பார்த்தால் இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இடம் தேடிய மரபு

தோட்டத்துக் கலை எங்கே வாழ்ந்தது என்பதை அறியாமல் இன்றைய தேவையைக் கணிக்க முடியாது. விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் மாலையில் கூத்துக் களமாயிற்று. காமன் கூத்தும் கரகமும் தீமிதித் திருவிழாவும் தோட்டத்து மாரியம்மன் கோயிலைச் சுற்றி நடந்தன. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டப்பட்டது. தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் சீர்திருத்த இயக்கத்தாரின் படிப்பகங்களும், கள்ளுக்கடைக்கு மாற்றாக ஒரு மேசை, இரண்டு நீளப் பலகை, நாளிதழ் ஆகியவற்றோடு தொடங்கி, பேச்சுப் போட்டிக்கும் நாடகத்துக்கும் தமிழர் திருநாளுக்கும் இடம் தந்தன. தனக்கென நிலமில்லாத ஒரு சமூகம் தன் முதலாளியின் நிலத்திலேயே கலைக்கு ஒரு மூலை ஒதுக்கிக்கொண்டதை இவை காட்டுகின்றன. ஆனால் அந்த மூலை எதற்கும் ஆவணம் இருந்ததில்லை. தோட்டம் கைமாறியபோது கோயிலுக்காகப் போராட்டம் நடந்தது, பள்ளிக்காகவும் நடந்தது, படிப்பகத்துக்கும் நாடக மேடைக்கும் யாரும் போராடியதாகத் தெரியவில்லை. அவை ஓசையின்றி மறைந்தன.

இன்று அதே பணியைக் கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளி மண்டபமும் செய்கின்றன. இவ்விரண்டும் மதிப்புக்குரிய இடங்களே. எனினும் கலைக்கூடத்துக்கு இவை முழு மாற்றாக மாட்டா. பள்ளி மண்டபம் பள்ளி நேரத்துக்கும் கல்வி இலாகாவின் விதிக்கும் உட்பட்டது. கோயில் மண்டபம் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் முதலுரிமை தருவது. அங்கே கேள்வி எழுப்பும் நாடகத்தையோ உடலைத் தீட்டும் ஓவியத்தையோ வேற்று மதத்தாரும் கூடும் வாசிப்பையோ நடத்துவது எளிதன்று. மேலும் இரண்டும் நிகழ்ச்சிக்கான இடங்களேயன்றிப் பயிற்சிக்கான இடங்கள் அல்ல. கலைஞருக்கு வேண்டியது ஆண்டில் ஒரு மேடை மட்டுமன்று. செவ்வாய்க்கிழமை மாலையிலும் திறக்கும் ஒரு கதவு.

இதை உருமி மேளத்தில் தெளிவாகக் காணலாம். மலேசிய இந்திய இளைஞர்களிடையே இன்று மிகுந்த உயிர்ப்போடு இருக்கும் கலைகளுள் ஒன்று உருமி. இடை குறுகி இருமுகமும் தோல் போர்த்த இக்கருவியின் ஒரு முகம் குச்சியால் அடிக்கப்படும். மறுமுகம் வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கப்படும். அந்தத் தேய்ப்பிலிருந்தே அதற்குரிய உறுமல் பிறக்கிறது. தேய்க்கும் கையின் அழுத்தம் கூடிக் குறைவதற்கேற்ப ஒலி மாறுவதால், அதைக் கைவரப் பெறக் குழுவாக நெடுநாள் பழக வேண்டும். இப்பயிற்சியைக் கோயில் வாசலிலும் வீட்டுமுன் நிறுத்துமிடத்திலும் செய்யும்போது அண்டை வீட்டார் முறையிடுவது இயல்பு. வீடமைப்புப் பகுதிகளில் இளைஞர் குழுக்களைப் பற்றிய ஐயமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இரவில் யாரும் குடியிருக்காத ஒரு கடைவரிசை அவர்களுக்கு ஒதுக்கப்படுமானால், கலைக்கும் ஊருக்கும் இடையிலான பிணக்கின் பெரும்பகுதி தீரும். பரதநாட்டிய வகுப்பு, மாலை தொடுக்கும் பயிற்சி, சிறுகதைப் பட்டறை, குறும்படத் தொகுப்பு, தோட்டக் குடும்பங்களின் பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் சிறு காப்பகம் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

பிற ஊர்களின் பட்டறிவு

இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் முயற்சி ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரில் 2008இல் மார்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய ‘ரினியூ நியூகாசல்’ ஆகும். எஃகுத் தொழில் தளர்ந்தபின் வெறிச்சோடிய ஹண்டர் தெருக் கடைகளை, இலாப நோக்கற்ற அவ்வமைப்பு உரிமையாளரிடமிருந்து வாடகையின்றிப் பெற்றுக் கலைஞருக்குக் கொடுத்தது. அதன் வெற்றிக்குக் காரணம் ஓவியமோ விழாவோ அன்று, ஒரு சட்ட நுணுக்கம். வாடகை ஒப்பந்தம் வாடகையாளருக்கு இடத்தின் மேல் உடைமையுரிமை தருவது. ‘உரிம அனுமதி’ என்பதோ இடத்தைப் பயன்படுத்த மட்டும் இசைவு தருவது. முப்பது நாள் முன்னறிவிப்போடு திரும்பப் பெறத்தக்க உரிம அனுமதியாக ஒப்பந்தத்தை அமைத்து, பொறுப்புக் காப்புறுதியை அமைப்பே ஏற்றதால், நல்ல வாடகையாளர் வந்தால் கலைஞரை வெளியேற்ற முடியாமற் போகுமோ என்ற உரிமையாளரின் அச்சம் நீங்கியது. தெருவுக்கு ஆள் திரும்பியது. ஆனால் ஆள் திரும்பியதும் சொத்து மதிப்பும் திரும்பியது. 2019இல் அம்முயற்சி நிறைவுற்றது. உரிம அனுமதி தொடங்குவதற்கு மிக ஏற்றது, நிலைப்பதற்குப் போதாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

பிரிட்டன் நேர்மாறான வழியில் சென்று, உரிமையாளரின் மனமிசைவை நம்பாமல் ஊராட்சிக்கு அதிகாரம் கொடுத்தது: 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஓராண்டு அளவில் காலியாகக் கிடக்கும் கடைத்தெருக் கடையின் வாடகை உரிமையை ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரையிலான காலத்துக்கு ஏலம் விட 2024 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் ஊராட்சிகளால் இயலும். இத்தகைய அதிகாரம் மலேசிய ஊராட்சிகளுக்கு இல்லை. அண்மையில் வருமென எதிர்பார்க்கவும் இடமில்லை.

தமிழர்க்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு சிங்கப்பூர். அங்கு 1985 முதல் நடைமுறையில் இருந்த கலை இல்லத் திட்டத்தின்கீழ் அரசு தன் உடைமையிலுள்ள பழைய கட்டடங்களைச் சலுகை வாடகைக்குக் கலைக்குழுக்களுக்கு விட்டது. லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலைக் கடைவீடுகளில் இந்திய நடனம் பயிற்றும் பாஸ்கர் கலைக்கழகமும் நாடகக் குழுக்களும் அவ்வாறு இடம் பெற்றன. அங்கே கட்டடம் அரசுடையது என்பதால் வாடகைப் பேரம் எழவில்லை. கோலாலம்பூரில் 1888இல் தொடங்கி 1937இல் இன்றைய உருவம் பெற்ற மத்தியச் சந்தை, இடிக்கப்படாமல் காக்கப்பட்டு 1986இல் கலை, கைவினைச் சந்தையாகத் திறக்கப்பட்டது. 1947இல் தொடங்கிய ரெக்ஸ் திரையரங்கு 2019இல் கலைக்கூடமாகத் திரும்பியது. பினாங்கின் ஹின் பேருந்துப் பணிமனை 2014 ஜனவரியில் எர்னஸ்ட் சக்கரேவிச்சின் ஓவியக் காட்சியோடு கலைவெளியானது. மலேசியாவின் இம்மூன்றும் ஒற்றை உரிமையாளரின் கீழுள்ள பெரிய கட்டடங்கள் என்பது கருதத்தக்கது. வெவ்வேறு உரிமையாளர்களுக்குச் சிதறிய சிறு கடைகளுக்கு அவற்றின் முறை அப்படியே பொருந்தாது.

தோட்ட வாழ்வோடு நெருங்கிய மற்றொரு முன்மாதிரி இலங்கை மலையகத்தில் உள்ளது. கண்டியிலுள்ள சமூக மேம்பாட்டு நிறுவனம் 2007இல் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயன் அறைகளையே தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமுமாக மாற்றியது. பெரும்பணம் செலவிடாமல், வாழ்ந்தோரின் பாத்திரமும் கருவியும் காகிதமும் கொண்டு அது நிற்கிறது. தமிழ்நாட்டில் கே. சி. எஸ். பணிக்கர் வழிகாட்ட 1966இல் அமைந்த சோழமண்டல ஓவியர் கிராமமோ, ஓவியர்கள் கைவினைப் பொருள் செய்து விற்ற வருவாயைச் சேர்த்து நிலத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டதனால்தான் அரை நூற்றாண்டைத் தாண்டியும் நிலைத்தது.

சட்டம் தரும் இடம்

மலேசியச் சட்டத்தில் இத்தகைய முயற்சிக்குப் பலரும் அறியாத இரு வாயில்கள் உள்ளன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் (சட்டம் 171) 162ஆம் பிரிவு, ஆளில்லாத கட்டடத்துக்குக் கட்டிய மதிப்பீட்டு வரியைத் திருப்பிக் கேட்க உரிமையாளருக்கு வழி தருகிறது. கட்டடம் நல்ல நிலையில் இருக்க வேண்டும், நியாயமான வாடகைக்கு ஆள் தேடியிருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அதே சட்டத்தின் 134ஆம் பிரிவோ, இலாப நோக்கமின்றி அறப்பணிக்கோ அறிவியல், இலக்கியம், நுண்கலை ஆகியவற்றுக்கோ மட்டுமே பயன்படும் பொது இடங்களுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்கு அளிக்க ஊராட்சிக்கு விருப்புரிமை தருகிறது. காலியாக வைத்திருந்தால் வரியைத் திருப்பிக் கேட்கலாம், கலைக்குக் கொடுத்தால் வரி விலக்கே பெறலாம் என்ற இந்த இணை ஏற்பாட்டைக் கடை உரிமையாளரிடம் எடுத்துச் சொல்ல யாரேனும் வேண்டும். ஜாசின், அலோர் காஜா, ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்களும் மலாக்கா மாநகர் மன்றமும் 134ஆம் பிரிவை எவ்வகைக் கலைக்கூடத்துக்குப் பயன்படுத்துவோம் என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டாலே, புதிய சட்டம் எதுவுமின்றிப் பல கதவுகள் திறக்கும். விருப்புரிமை விருப்புரிமையாகவே கிடந்தால் விண்ணப்பிக்க எவரும் துணியார்.

வாடகை ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய நுட்பமும் உண்டு. தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 213ஆம் பிரிவின்படி மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக் குடியிருப்பைப் பதிவு செய்யத் தேவையில்லை. அதற்கு மேற்பட்டது குத்தகையாகப் பதிவு பெற வேண்டும். இது எளிமைக்காக அமைந்த ஏற்பாடு. ஆனால் நிலப்பத்திரத்தில் குறிப்பு ஏறாத வாடகைக் குடியிருப்பு, சொத்தைப் புதிதாக வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. கலைக்குழு சுவர் பூசி, மின்கம்பி மாற்றி, தரை போட்ட மறுமாதமே கடை விற்கப்பட்டால், போட்ட பணத்துக்கு ஈடு கேட்க இடமிராது. எனவே முத்திரைத்தீர்வை கட்டிய எழுத்து ஒப்பந்தமும், நிலப்பத்திரத்தில் குறிப்பேற்றமும், பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் கழிக்கும் வாசகமும் இல்லாமல் எந்தக் குழுவும் ஒரு வாளிச் சுண்ணாம்பைக்கூட வாங்கக் கூடாது. நாட்டின் கலைநிதி அமைப்புகளிடம் பணம் கேட்கும் பல குழுக்கள் நிகழ்ச்சிக்கே கேட்கின்றன; இத்தகைய ஆவணப் பணிக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் கேட்பது அதைவிடத் தேவையானது.

கடையைக் கூட்டம் கூடும் இடமாக மாற்றுவது நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ்ப் பயன்பாட்டு மாற்றமாகக் கருதப்படக்கூடும். தீயணைப்புத் துறையின் இசைவும், நிகழ்ச்சிக்குக் கேளிக்கை உரிமமும், தேசிய மொழியை முதன்மையாகக் கொண்ட பெயர்ப்பலகைக்கு அனுமதியும் வேண்டும். சிறு குழுக்கள் இந்தக் கட்டத்தில்தான் சோர்ந்துவிடுகின்றன. கீழ்த்தளத்தில் விற்பனையும் காட்சியும் தொடர, மேல்தளத்தில் வகுப்பு நடக்கும் கலப்பு முறையைத் தேர்ந்தால் சிக்கல் ஓரளவு குறையும்.

மலாக்காவில் எங்குத் தொடங்குவது

பழைய நகரில் கலைஞருக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஓவியர் சார்ல்ஸ் சாமின் ‘ஓராங் ஊத்தான் ஹவுஸ்’, தாம் சியூ இன்னின் நீர்வண்ண ஓவியக்கூடம் ஆகியவை பழைய கடைவீடுகளில் கலைஞரே நடத்தி வேரூன்றியவை. துன் தான் செங் லோக் சாலையிலுள்ள 8ஆம் எண் வீடு, பதினெட்டாம் நூற்றாண்டின் டச்சுக் காலக் கடைவீடு. மலேசிய மரபுடைமை அறக்கட்டளையான பாடான் வாரிசான் அதை 2000களின் தொடக்கத்தில் முன்மாதிரியாகச் செப்பனிட்டது. பழைய கட்டடத்தைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. பழைய செங்கற்சுவரில் தரையீரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஈரம் சுவர்வழி ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி எண்ணெய்ச் சாயம் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் பொடியாக உதிரும். கலைக்கூடத்துக்கு இது இரட்டைத் தீங்கு: சுவரில் மாட்டிய ஓவியம் பூஞ்சை பிடிக்கும், மூலையில் வைத்த தோற்கருவி ஈரத்தில் தளர்ந்து சுருதி இழக்கும். விரைவில் ‘அழகுபடுத்தி’த் திறப்புவிழா நடத்தும் ஆர்வத்தில் சிமெண்டையும் பளபளக்கும் சாயத்தையும் பயன்படுத்துவது, கட்டடத்தையும் அதனுள் வைக்கும் கலையையும் ஒருசேரக் கெடுப்பதாகும்.

பழைய நகரில் தமிழர்க்கு ஆழ்ந்த உரிமை உண்டு. 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் துக்காங் எமாஸ் சாலையில் நிற்கிறது. மாசி மகத்தின்போது வெள்ளித் தேர் அங்கிருந்து செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்கிறது. காஜா பெராங்கில் தமிழ் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகளின் கிராமமும் சிறு அருங்காட்சியகமும் உள்ளன. பெண்டஹாரா சாலை, தெமெங்கோங் சாலைப் பகுதி லிட்டில் இந்தியாவாக வழங்குகிறது. ஆயினும் இப்பகுதியில் வாடகைக்கு வந்து நிற்கும் ஒரு கலைக்குழு, சுற்றுலாப் பயணிக்கு விற்றே அந்த வாடகையைச் செலுத்த வேண்டியிருக்கும். விற்பனைக்காகவே கலையை வளைக்க வேண்டியும் வரும். 2009இல் தொடங்கிய மலாக்காக் கலை, நிகழ்த்து விழா செயின்ட் பால் குன்றில் சில நாள்கள் நிகழ்ந்து பெருமை சேர்த்தது. சில நாள்களுக்கு மேல் நிற்கும் இடத்தை அத்தெருக்களில் பெறுவது வேறு வகைச் செயல். ஆகவே அங்கே செய்யத்தக்கது கோயிலுக்கோ செட்டிச் சமூகத்துக்கோ ஊராட்சிக்கோ ஏற்கெனவே உரிய கட்டடங்களைத் திறப்பதுதான். தனியார் கடையை வாடகைக்குப் பிடிப்பதன்று.

சிற்றூரில் நிலைமை மாறுகிறது. அங்கே வாடகை குறைவு; உரிமையாளர் பெரும்பாலும் ஊர்க்காரர், முன்னாள் கடைக்காரரின் மகனோ பேத்தியோ ஆக இருப்பவர்; கடை திறந்திருந்தால் கரையான் ஏறாது, கூரை ஒழுகுவது தெரியவரும் என்பதே அவருக்குப் பயன். தமிழ்ப்பள்ளிகள் அருகிலுள்ளன, பழைய மாணவரும் பெற்றோரும் உள்ளனர். புலாவ் செபாங்கில் இரயில் நிலையமும் இருப்பதால் வெளியூர்க் கலைஞரும் வந்து போகலாம். பார்வையாளர் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் வாரத்துக்கு மூன்று மாலை திறக்கும் பயிற்சிக்கூடத்துக்கு வேண்டியது கூட்டம் அன்று, விடாமல் வரும் இருபது பிள்ளைகளே. முதலாண்டில் உரிம அனுமதியில் தொடங்கி, உரிமையாளருக்கு நம்பிக்கை வந்தபின் மூன்றாண்டு வாடகைக் குடியிருப்பாக்கி, நிலப்பத்திரத்தில் குறிப்பேற்றுவது பொருத்தமான வரிசை.

அதற்கும் அப்பால் உடைமையைப் பற்றிச் சிந்திக்க மலேசியத் தமிழர்க்கு அயல்நாட்டு முன்மாதிரி தேவையில்லை. தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் வீதிக்கு வந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் சிறு தொகைகளைப் பங்குப்பணமாகத் திரட்டினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்பணத்தில் வாங்கப்பட்ட முதல் தோட்டம். பால்வெட்டி வாழ்ந்தோர் தோட்டத்தையே வாங்க முடிந்த நாட்டில், அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒரு சிற்றூரில் ஒரு கடைவீட்டைக் கூட்டுறவாக வாங்குவது எட்டாத எண்ணம் அன்று. கடைவீடு தோட்டத்தைவிடப் பல மடங்கு சிறியது. கீழ்த்தளத்தின் முன்பகுதியைப் பூக்கடைக்கோ தையற்கடைக்கோ வாடகைக்கு விட்டால் வரியும் மின்கட்டணமும் அதிலேயே தேறும்.

முதற்பணி கணக்கெடுப்பு. எந்தத் தெருவில் எந்தக் கடை எத்தனை ஆண்டாகப் பூட்டியிருக்கிறது, கூரை எந்நிலை, மேல்தளத்துக்குத் தனிவழி உண்டா, அண்டையில் இரவில் குடியிருப்போர் உண்டா என்பவற்றை ஊரார் நடந்தே பார்த்துப் பதியலாம். உரிமையாளர் யார் என்பதை ஊராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியல் கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் விண்ணப்பத்தை, பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் பெயரில், 134ஆம் பிரிவைச் சுட்டி எழுதுவதே ஏற்றது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் இப்பணி முடியும்.